காட்சியை விட்ட கல்வி: யாழ்ப்பாணத்தில் இலட்சியவாதமும் யதார்த்தவாதமும்

ஆசிரியர் கலாசாலையிலோ பல்கலைக்கழகத்தின் கல்வியியல் டிப்ளோமா வகுப்பிலோ சேரும் ஒருவர் கல்வித் தத்துவப் பாடத்தில் முதலில் சந்திப்பது ஒரு சோடியை. பிளேட்டோ இலட்சியவாதி, அரிஸ்டாட்டில் யதார்த்தவாதி. முன்னவர் வழியில் நிலையான உண்மை கருத்துலகில் இருக்கிறது. ஆசிரியர் வாழ்ந்து காட்டும் முன்மாதிரி. பாடத்தில் அறமும் இலக்கியமும் சமயமும் முதலிடம் பெறும். பின்னவர் வழியில் உலகம் நம் மனத்தைக் கேட்டு இருக்கவில்லை. புலன்களால் அதை அறிய வேண்டும். விஞ்ஞானமும் தொழிலும் வாழ்க்கைக்கு உதவும் அறிவும் முதலிடம் பெறும். கொப்பியில் நடுவே கோடு கிழித்து இரண்டு பக்கமும் எழுதி, மனனம் செய்து, பரீட்சையில் ஒப்புவித்து வெளியேறுகிறார்கள். இந்த இரண்டு தத்துவங்களும் யாழ்ப்பாணக் குடாநாட்டிலேயே இருநூறு ஆண்டுகளாகப் பள்ளிக்கூடங்களாக எழுந்து, ஒன்றோடொன்று மோதி, ஒன்றையொன்று மாற்றியிருக்கின்றன என்ற செய்தி அந்தக் கொப்பியில் இடம்பெறுவதில்லை. நமது கல்வியைச் சீர்தூக்க நம்மிடமே சான்றுகள் குவிந்து கிடக்கின்றன என்பதால் இந்த விடுபடலைச் சிறிதாக எண்ண என்னால் முடியவில்லை.

வட்டுக்கோட்டையில் தொடங்கலாம். அமெரிக்க மிஷன் 1823இல் அங்கே செமினறியை நிறுவியபோது அதன் நோக்கம் தூய இலட்சியவாத நோக்கம்: ஆன்மாக்களை மீட்பது, அதற்குச் சுதேச போதகர்களை உருவாக்குவது. ஆனால் முதல் அதிபர் டானியல் பூவரும் அவருக்குப் பின் வந்த ஹென்றி ஹொய்சிங்டனும் அந்த நோக்கத்துக்குத் தேர்ந்த கருவி யதார்த்தவாதக் கருவி. கணிதமும் வானியலும் கற்பித்தார்கள். பஞ்சாங்கம் சொல்லும் கிரகண நேரத்தைத் தங்கள் கணிப்போடு ஒப்பிட்டுக் காட்டினார்கள். கண்ணால் பார்த்ததை மறுக்க முடியாத மாணவன் தன் பழைய நம்பிக்கையையும் கைவிடுவான் என்பது அவர்களின் எதிர்பார்ப்பு. அதில் பாதிதான் நிறைவேறியது. மாணவன் கணிப்பை ஏற்றான். மதத்தைப் பெரும்பாலும் ஏற்கவில்லை. கிரகணம் எப்போது பிடிக்கும் என்பதற்கும் கடவுள் யார் என்பதற்கும் வேறு வேறு விடைகள் இருக்கலாம் என்பதை அவன் தன் ஆசிரியர்களைவிடத் தெளிவாகப் புரிந்துகொண்டான் என்றே நினைக்கிறேன்.

இலங்கையின் குடியேற்ற நாட்டுச் செயலாளராக இருந்த எமர்சன் ரெனன்ற் அந்தச் செமினறியை ஐரோப்பியப் பல்கலைக்கழகங்கள் பலவற்றுக்கு இணையாக மதித்து 1850இல் எழுதினார். ஐந்தே ஆண்டுகளில் மிஷனே அதை மூட முடிவெடுத்தது. 1855இல் அமெரிக்காவிலிருந்து வந்த தூதுக்குழுவில் இருந்த றூபஸ் அன்டர்சனின் வாதம் எளிமையானது: பிள்ளைகள் ஆங்கிலம் கற்று அரசாங்க உத்தியோகத்துக்குப் போகிறார்கள், கிராமத்துக்குப் போதகர்கள் கிடைக்கவில்லை, ஆகவே தாய்மொழிக் கல்வி போதும். இலட்சியம் தன் கணக்கைப் பார்த்தது, நட்டம் என்று கண்டது, கதவைச் சாத்தியது. ஆனால் ஊர் விடவில்லை. ஊரவர்களும் பழைய மாணவர்களும் விடாமல் கேட்டதன் பயனாக 1872இல் அதே வட்டுக்கோட்டையில் யாழ்ப்பாணக் கல்லூரி தோன்றியது.

பெற்றோர் ஆங்கிலத்தைக் கேட்டதை வெறும் உத்தியோக ஆசை என்று இகழ்வது நியாயமன்று. வற்றாத ஆறு இல்லாத, நிலம் குறுகிய, கிணற்றை நம்பி வாழ்கிற குடாநாட்டில் நான்கு பிள்ளைகளுக்குப் பங்கிட்டால் ஒரு பரப்பு, இரண்டு பரப்புத்தான் மிஞ்சும். எழுத்து வேலை அங்கே உயிர் பிழைக்கும் வழி. மலாயாவின் ரயில்வே அலுவலகங்கள்வரை யாழ்ப்பாணத்தார் சென்றது இந்த யதார்த்தத்தின் தர்க்கமே. செமினறி மூடப்பட்ட சில ஆண்டுகளுக்குள் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பி.ஏ. பட்டத்தைப் பெற்ற இருவரும், கறோல் விசுவநாதபிள்ளையும் சி. வை. தாமோதரம்பிள்ளையும், அந்தச் செமினறியில் படித்தவர்கள். ஆங்கிலக் கல்வியின் விளைபொருளான தாமோதரம்பிள்ளைதான் பின்னர் தொல்காப்பிய உரைகளையும் கலித்தொகையையும் ஏட்டிலிருந்து அச்சுக்குக் கொண்டுவந்தார். யதார்த்தவாதக் கல்வி பிழைப்புக்கு மட்டும் உதவும், இலட்சியவாதக் கல்விதான் பண்பாட்டைக் காக்கும் என்ற பாடநூல் வாய்பாடு இந்த ஒரு மனிதரிடமே உடைந்துபோகிறது.

மறுபக்கம் ஆறுமுக நாவலர். பீற்றர் பேர்சிவலின் வெஸ்லியன் பள்ளிக்கூடத்தில் படித்து, அங்கேயே கற்பித்து, விவிலியத் தமிழ் மொழிபெயர்ப்பிலும் துணைநின்று, 1848இல் அந்தப் பள்ளியை விட்டு விலகி வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையை அவர் நிறுவினார். ஆசிரியனின் வாழ்க்கையே பாடம் என்ற கொள்கைக்கு யாழ்ப்பாணம் தந்த மிகப் பெரிய சான்று அவர். இல்லறம் ஏற்காமல், சம்பளம் பாராமல், தனி மனிதராகப் பள்ளியையும் அச்சியந்திரசாலையையும் நடத்தினார். அவரது பாலபாடங்கள் தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகளின் கையில் இருந்தன. இலட்சியவாதத்தின் வலிமை இதுதான்: அரச ஆதரவும் பணமும் இல்லாத இடத்திலும் ஒரு பள்ளிக்கூடத்தை நிற்க வைக்கும். 1923இல் தோன்றிய சைவ வித்தியா விருத்திச் சங்கம், அதை வழிநடத்திய இராசரத்தினத்தின் உழைப்பால் குக்கிராமங்களில்கூடப் பள்ளிகளை எழுப்பியதும் இதே வலிமையால்.

ஆனால் நாவலரைப் போற்றுகிற நம் கட்டுரைகள் இரண்டு இடங்களில் மௌனம் காக்கின்றன. ஒன்று, 1872இல் அவரே சைவப் பிள்ளைகளுக்காக ஓர் ஆங்கிலப் பள்ளிக்கூடத்தை, சைவாங்கில வித்தியாசாலையை, தொடங்கினார் என்பது. உத்தியோகத்துக்கு ஆங்கிலம் வேண்டும் என்ற உலகியல் உண்மையை அவர் மறுக்கவில்லை. பணம் இல்லாமல் அது சில ஆண்டுகளில் நின்றுபோனது. யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரி 1890இல் வண்ணார்பண்ணையில் உருப்பெற்றபோதுதான் அந்த எண்ணம் நிலைத்தது. மற்றது கசப்பானது. நாவலர் வருண ஒழுங்கை ஏற்றவர்; அவரது கல்வி இலட்சியம் சாதியின் வேலியைத் தாண்டவில்லை. மிஷன் பள்ளிகளும் இதில் மார்தட்ட இயலாது. செமினறியில் படித்தவர்களில் பெரும்பாலோர் வேளாளர். நிலையான விழுமியங்களைக் கற்பிப்பதாகச் சொல்லும் எந்தத் தத்துவத்துக்கும் உள்ள அபாயம் இது. தன் காலத்துச் சமூக ஒழுங்கையும் நிலையான விழுமியங்களோடு சேர்த்துக் கட்டிவிடும். பிறகு அதைக் கேள்வி கேட்பது அறத்தையே கேள்வி கேட்பதாகத் தோன்றும். 1930ஐ ஒட்டி உதவி பெறும் பள்ளிகளில் எல்லாப் பிள்ளைகளும் சமமாக வாங்கில் அமர வேண்டும் என்று விதி வந்தபோது சில பள்ளிக்கூடங்கள் எரிக்கப்பட்டன. சமயமும் நீதிநூலும் இரண்டு தலைமுறைக்குமேல் கற்பிக்கப்பட்ட ஊரில் அது நடந்தது. அந்த நாட்களில் சம ஆசனத்துக்காகக் குரல் கொடுத்த யாழ்ப்பாண வாலிபர் காங்கிரசாரும், அவர்களுள் முதல்வரான ஆசிரியர் ஹன்டி பேரின்பநாயகமும்கூட இலட்சியவாதிகள்தாம். ஆகவே இலட்சியம் இருந்ததா என்று மட்டும் கேட்டால் போதாது, அந்த இலட்சியம் யாரை உள்ளே விட்டது என்றும் கேட்க வேண்டும்.

இந்த இருவகைக்கும் நடுவே, இரண்டையும்விட எனக்கு நெருக்கமான ஒரு முயற்சி மானிப்பாயில் நடந்தது. 1847இல் அமெரிக்க மிஷன் மருத்துவராக வந்த சாமுவேல் கிறீன் மேலைத்தேய மருத்துவத்தைக் கற்பித்தார். பின்னர் அதை முழுக்கத் தமிழிலேயே கற்பிக்கத் துணிந்தார். உடற்கூறு, அறுவை, மகப்பேறு, இரசாயனம் எனப் பெருநூல்கள் தமிழில் வந்தன. தமிழ்க் கலைச்சொற்கள் பிறந்தன. அறுபதுக்கு மேற்பட்ட மருத்துவர்களை அவர் உருவாக்கினார். ஆங்கிலத்தில் படித்தவன் பட்டினத்துக்குப் போய்விடுவான், தமிழில் படித்தவன் தன் ஊர்ச் சனத்துக்கு வைத்தியம் பார்ப்பான் என்பது அவர் கண்ட காரணம். பாடத்தைப் பார்த்தால் அது முழு யதார்த்தவாதம். நோயாளியின் உடலே பாடநூல். நோக்கத்தைப் பார்த்தால் முழு இலட்சியவாதம். அன்டர்சனும் தாய்மொழியைத்தான் கேட்டார். ஆனால் அவர் அறிவைச் சுருக்குவதற்கு அதைக் கேட்டார், கிறீன் அறிவைப் பரப்புவதற்குக் கேட்டார். கிறீன் 1873இல் தாயகம் திரும்பிய பின் அந்த முயற்சி நீடிக்கவில்லை. தமிழ்ப் பயிற்சிக்கு அரச உத்தியோகச் சந்தையில் விலை இல்லாமல் போனதும் ஒரு காரணம். கல்வி எந்தத் தத்துவத்தில் நின்றாலும், படிப்புக்குப் பின் கிடைக்கும் வேலையை வேறு யாரோ தீர்மானிக்கும்போது அந்தத் தத்துவம் தோற்கும்.

அந்தப் பாடத்தை 1970களில் மிகக் கொடுமையாகக் கற்றோம். மருத்துவம், பொறியியல், எழுதுவினைஞர் வேலை என்று ஒரே வாசலை நம்பியிருந்த சமூகத்தின் முன் பல்கலைக்கழக அனுமதியில் தரப்படுத்தல் வந்து நின்றது. அநீதி அரசினுடையது, ஐயமில்லை. ஆனால் ஒரு தலைமுறை முழுவதும் வேறு வாசலே தெரியாமல் நின்றதற்கு நமது யதார்த்தவாதமும் பொறுப்பு. அது உலகை அறியும் தத்துவமாக இருந்த நிலை மாறி, உத்தியோகத்தை அடையும் உபாயமாகச் சுருங்கியிருந்தது.

இங்கே நம் சொந்த மெய்யியலைப் பார்ப்பது உதவும். சைவ சித்தாந்தம் உலகைப் பொய் என்று சொல்லவில்லை. பதி, பசு, பாசம் மூன்றும் உள்பொருள்கள். உடலும் கருவிகளும் உலகும் அனுபவமும் உயிர் அறிவு பெறுவதற்காகத் தரப்பட்டவை என்கிறது. குறிக்கோளில் இலட்சியவாதம், உலகைப் பற்றிய கொள்கையில் யதார்த்தவாதம். இரண்டு பத்தியாகக் கோடு கிழித்த கொப்பியில் இதற்கு இடமில்லை. வட்டுக்கோட்டையில் வானியல் கற்பித்த ஹொய்சிங்டனே 1854இல் சிவஞானபோதத்தின் ஆங்கில மொழிபெயர்ப்பை வெளியிட்டார் என்பது இந்த இடத்தில் நினைக்கத் தக்கது. சித்தாந்தம் அறிவுக்கு மூன்று அளவைகளை வகுக்கிறது: காட்சி, கருதல், உரை. பொருளை நேரே காண்பது, கண்டதைக் கொண்டு காணாததை உய்த்துணர்வது, அறிந்தோர் சொல்லைக் கொள்வது. மூன்றும் வேண்டும்.

இன்றைய யாழ்ப்பாணத்து வகுப்பறையை இந்த மூன்றால் அளந்தால் முதல் இரண்டும் ஏறக்குறைய இல்லை. உரை ஒன்றே மிஞ்சியிருக்கிறது. ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் தொடங்கி உயர்தரம்வரை பிள்ளை நோட்ஸ் எழுதுகிறது. பாடசாலை முடிந்தால் ரியூசன். தகரக் கொட்டகைக்குள் நெருக்கியிருந்து ஒலிபெருக்கியில் பௌதிகம் கேட்கிறது. உயர்தர விஞ்ஞானப் பாடங்களில் செய்முறை அறிவும் எழுத்து வினாவாலேயே சோதிக்கப்படுவதால், பரிசோதனையைச் செய்யாமலே அதன் படிமுறையை மனனம் செய்து முழுப் புள்ளி எடுக்க முடிகிறது. புலன்வழி அறிவை முதன்மைப்படுத்தும் தத்துவத்தின் பெயரால் நடக்கும் பாடத்தில் புலன்களுக்கு வேலை இல்லை. சைவநெறிப் பாடமும் இப்படியே. தேவாரம் ஓதுவதும் ஒழுக்கம் பேணுவதும் வினாவிடையாகச் சுருங்கிவிட்டன. ஞாயிறு முற்பகலில் ரியூசனை நிறுத்தி அறநெறி வகுப்புக்கு இடம் விடுங்கள் என்று சமயத் தலைவர்கள் கேட்கும்போது அவர்களின் கவலை எனக்குப் புரிகிறது. ஆனால் ஒரு சொற்பொழிவின் இடத்தில் இன்னொரு சொற்பொழிவை வைப்பதால் இலட்சியம் திரும்பி வராது.

ரியூசனுக்காக வாதாடுவோரின் பக்கமும் சொல்ல வேண்டும். போர்க்காலத்தில் பாடசாலைகள் இடம்பெயர்ந்தபோது பிள்ளைகளின் படிப்பை அறுந்துபோகாமல் காத்ததில் தனியார் வகுப்புகளுக்குப் பங்கு உண்டு. நல்ல ஆசிரியர் கிடைக்காத ஊர்ப் பிள்ளைக்கு இன்றும் அது உதவுகிறது. அதை ஒழிக்க நான் கேட்கவில்லை. அதன் முறையைப் பாடசாலையே தன் முறையாக ஏற்றுக்கொண்டதுதான் கேடு. 2013இல் உயர்தரத்தில் தொழினுட்பப் பிரிவு வந்தது. கையால் செய்து கற்கும் வாய்ப்பு அது. அதையும் உயிரியலும் கணிதமும் கிடைக்காதவர்களின் பிரிவாகவே பல வீடுகளில் பார்க்கிறோம்.

ஒரே ஓர் உதாரணம் சொல்கிறேன். புத்தூருக்கு அண்மையில் நிலாவரைக் கிணறு இருக்கிறது. மேலே நன்னீர், ஆழத்தில் உவர்நீர். குடாநாடு முழுவதும் சுண்ணக்கல்லுக்குள் மழைநீர் ஒரு வில்லையாகக் கடல்நீரின்மேல் மிதக்கிறது என்ற புவியியல் உண்மையை இதைவிடத் தெளிவாகக் காட்டும் ஆய்வுகூடம் கிடையாது. தோட்டத்தில் இடும் யூரியாவும் மலக்குழிக் கழிவும் அதே நீரில் நைத்திரேற்றாகச் சேர்கின்றன. வீட்டுக் கிணற்றில் நீர் எடுத்துச் சோதிக்கும் பிள்ளை இரசாயனம் கற்கும். தன் தோட்டத்து உரம் அயல்வீட்டுக் குழந்தையின் குவளைக்குப் போகிறது என்று கருதலால் உணரும்போது அறமும் கற்கும். அங்கே எது யதார்த்தவாதம், எது இலட்சியவாதம் என்று யாராலும் கோடு கிழிக்க முடியாது.

இதற்குப் புதுச் சட்டம் தேவையில்லை. பாடசாலை மட்டக் கணிப்பீடு என்ற ஏற்பாடு ஏற்கெனவே இருக்கிறது. பல இடங்களில் அது படிவம் நிரப்பும் வேலையாகத்தான் நடக்கிறது. அதை உண்மையான காட்சிக்கும் கருதலுக்கும் பயன்படுத்தலாம்: ஒரு தவணையில் ஒரு கிணறு, அடுத்த தவணையில் ஒரு சந்தைக் கணக்கு, அதற்கடுத்து ஊர்க் கோயிலின் ஒரு கல்வெட்டோ ஒரு முதியவரின் வாய்மொழி வரலாறோ. ஆசிரியர் கலாசாலைகள் பிளேட்டோவையும் அரிஸ்டாட்டிலையும் கற்பிக்கட்டும். அவர்களோடு வட்டுக்கோட்டை ஏன் மூடப்பட்டது, மானிப்பாய் ஏன் நீடிக்கவில்லை, நாவலரின் ஆங்கிலப் பள்ளி ஏன் நின்றது என்றும் பயிலுநர்களை எழுத வைக்கட்டும். வடமாகாணக் கல்வித் திணைக்களம் ஒரே ஒரு வலயத்திலாவது, எட்டாம் ஒன்பதாம் வகுப்புகளில், அடுத்த ஆண்டிலேயே இத்தகைய கணிப்பீட்டைத் தொடங்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.