சம்பளம் சர்க்காருடையது, நியமனம் மேனேஜருடையது

கேரளாவின் 1957 கல்வி மசோதான்னா எல்லாரும் 1959 ஆட்சிக் கலைப்போட கதையை முடிச்சுடறாங்க. நான் பார்ப்பது இரண்டு பிரிவுகளை. 9-வது: எய்டட் பள்ளி ஆசிரியருக்கு அரசே நேரடியாகச் சம்பளம் தரும். 11-வது: பப்ளிக் சர்வீஸ் கமிஷன் பட்டியலிலிருந்துதான் நியமனம். அமைச்சர் முண்டசேரி இரண்டையும் சேர்த்துத்தான் வைத்தார்.

சிறுபான்மை உரிமைக்காக 11-ஐ உச்ச நீதிமன்றம் தடுத்ததுன்னு சொல்றது சரியில்ல. 1958-ல் நீதிமன்றம் தயங்கித் தயங்கியாவது அதை அனுமதிக்கத்தக்க கட்டுப்பாடு என்றே ஏற்றது. கைவிட்டது அடுத்து வந்த ஆட்சி. 9 மட்டும் தங்கிடுச்சு.

சம்பளம் உறுதியானது ஆசிரியருக்கு நல்லதுதான், மறுக்கல. ஆனா அரசுச் சம்பளமும் பென்ஷனும் உள்ள வேலையை மேனேஜர் கொடுக்கலாம்னா, அந்த வேலைக்கு விலை வரத்தானே செய்யும்? 'டொனேஷன்' அங்கே ரகசியமே இல்ல. சிறுபான்மை வாதத்தில் நியாயம் உண்டு, என்.எஸ்.எஸ்., எஸ்.என்.டி.பி. பள்ளிகளுக்கு அது எப்படிப் பொருந்தும்?