பழுதுற்ற இதயமும் மருந்து செல்லும் வழியும்

திருக்குறளில் மருந்து என்னும் அதிகாரத்தின் முடிவில் வள்ளுவர் மருத்துவத்தை நான்கு கூறாகப் பகுக்கின்றார். நோயுற்றவன், நோயைத் தீர்ப்பவன், மருந்து, உடனிருந்து அதனைக் கொடுப்பவன் என்பன அவை. மருந்தைச் சொன்னதோடு அவர் நின்றுவிடவில்லை. அது நோயாளியிடம் சென்று சேர்வதற்கும் ஒரு கூறு ஒதுக்கினார். இதயத்தைப் புதுப்பிக்கும் சிகிச்சை பற்றி இன்று தமிழில் வெளிவரும் கட்டுரைகள் பலவற்றில் இந்த நான்காம் கூறே காணாமற் போயிருக்கிறது.

அக்கட்டுரைகளின் போக்கு பெரும்பாலும் ஒன்றே. மாரடைப்பால் இதயத் தசை இறந்துபடுகிறது. குருத்தணுக்களை எடுத்து இதயத்தில் செலுத்துகிறார்கள். தசை மீண்டும் தளிர்க்கிறது. நோயாளி எழுந்து நடக்கிறார். 'செலுத்துகிறார்கள்' என்னும் அந்த ஒற்றைச் சொல்லுக்குள் கால் நூற்றாண்டுச் சிக்கல் முழுவதும் மறைந்து கிடக்கிறது. எந்த வழியாகச் செலுத்தினார்கள்? சென்றவற்றுள் தங்கியவை எத்தனை? இவற்றைக் கேளாத கட்டுரை, ஊரின் பெயரைச் சொல்லி வழியைச் சொல்லாத வழிகாட்டியை ஒக்கும்.

தளிர்க்காத தசை

முதலில் நோயின் தன்மையை உணர்தல் வேண்டும். கடுமையான மாரடைப்பு ஒன்றில் ஏறத்தாழ 100 கோடி தசை உயிரணுக்கள் மடியக்கூடும். கல்லீரலைப் போல இதயம் தன்னைத் தானே வளர்த்துக்கொள்வதில்லை. சுவீடன் நாட்டு ஆய்வாளர் யோனாஸ் பிரிசேனின் குழுவினர் 2009இல் இதனை அளந்து காட்டினர். அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கலந்த கதிரியக்கக் கரியை அளவுகோலாகக் கொண்டு, 25 வயதில் ஆண்டுக்கு ஒரு விழுக்காடும், 75 வயதில் அதில் பாதிக்கும் குறைவாகவுமே இதயத் தசை அணுக்கள் புதிதாகின்றன எனக் கண்டனர். ஆதலால் இறந்த இடத்தில் தசை வளர்வதில்லை, தழும்பே உண்டாகிறது. தழும்பு சுருங்கி விரியாது. புறத்தேயிருந்து உயிரணுக்களைக் கொண்டு சேர்க்க அறிஞர் முற்பட்டது இதனாலேயே.

நான்கு வழிகள்

எளிய வழி, கையிலுள்ள நரம்பின் வழியே ஏற்றுவது. வலியும் குறைவு, செலவும் குறைவு. ஆயினும் இரத்தம் இதயத் தசையை அடையுமுன் நுரையீரலைக் கடந்தாக வேண்டும். அங்குள்ள நுண்ணிய குழாய்களில் பெரும்பாலான அணுக்கள் சிக்கிக்கொள்கின்றன.

இரண்டாவது, இதயத்துக்கே இரத்தம் ஊட்டும் தமனியில் மெல்லிய குழாயை நுழைத்து, சிறு பலூனால் ஓட்டத்தைச் சற்றே நிறுத்தி அணுக்களை விடுவது. ஜெர்மனியின் ஹனோவர் நகரில், அடையாளமிட்ட எலும்பு மஜ்ஜை அணுக்களை இவ்வாறு விட்டு, ஒரு மணி நேர அளவில் படமெடுத்துப் பார்த்தார்கள். 2005இல் வெளியான முடிவின்படி, இதயத்தில் தங்கியவை 1.3 முதல் 2.6 விழுக்காடே. கை நரம்பின் வழியே ஏற்றியவர்களின் பழுதுற்ற பகுதியிலோ குறிப்பிடத்தக்க அளவு காணப்படவில்லை.

மூன்றாவது, ஊசியால் இதயத் தசையிலேயே இடுவது. மார்பைத் திறந்து வெளிப்புறமாகவும் இடலாம். குழாயின் முனையிலுள்ள ஊசியால் உட்புறமாகவும் இடலாம். ஆனால் இதயம் ஓயாது துடிக்கும் உறுப்பு. ஊசி நுழைந்த துளை வழியாகவே துடிப்பு அணுக்களை வெளியே பிதுக்கிவிடுகிறது. தங்கியவையும் தொல்லை தருவதுண்டு. 2014இல் குரங்குகளின் இதயத்தில் 100 கோடி மனித இதயத் தசை அணுக்களை இட்டபோது அவை ஒட்டி வளர்ந்தன. ஆயினும் துடிப்பின் தாளம் தப்பியது.

நான்காவது, ஆய்வுக்கூடத்தில் தசையையே ஏடாக வளர்த்து இதயத்தின்மேல் ஒட்டுவது. ஜப்பானின் ஒசாகா நகரில் 2020 ஜனவரியில் இத்தகைய ஏடு முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரத்தார் 2025இல் வெளியிட்ட ஆய்வில், ஒட்டிய தசை குரங்குகளில் மாதக் கணக்கில் உயிரோடிருந்தது. பின்னர் மாற்று இதயம் பெற்ற ஒரு பெண்மணியின் பழைய இதயத்தை ஆராய்ந்தபோதும், ஒட்டிய தசை பிழைத்திருக்கக் கண்டனர். தங்குதல் என்னும் சிக்கலுக்கு இதுவே இதுவரை கிடைத்த நல்ல விடை. எனினும் மார்பைத் திறக்க வேண்டும். உடல் அதனைத் தள்ளிவிடாதிருக்க மருந்தும் உண்டுவர வேண்டும்.

மறைக்கப்படும் தோல்விகள்

நம் கட்டுரைகளின் இரண்டாவது குறை, வெற்றியை மட்டும் எழுதுதல். எலும்பு மஜ்ஜை அணுக்கள் எலியின் இதயத்தில் தசையாக மாறின என்று 2001இல் ஓர் அறிக்கை வெளிவந்தது. 2004இலேயே வேறு இரு குழுவினர் அவ்வாறு மாறவில்லை என்று காட்டினர். முதல் அறிக்கையோடு தொடர்புடைய பியரோ அன்வெர்சாவின் ஆய்வகத்திலிருந்து வெளிவந்த 31 கட்டுரைகளைத் திரும்பப் பெற வேண்டும் என ஹார்வர்டு பல்கலைக்கழகம் 2018இல் பரிந்துரைத்தது. 2001இன் செய்தியைப் பாடிய கட்டுரைகள் எத்தனை! 2018இன் செய்தியைச் சொன்னவை எத்தனை?

மனிதரிடம் நடந்த பெருஞ்சோதனைகளும் அடக்கத்தையே கற்பிக்கின்றன. மாரடைப்புக்குப் பின் மஜ்ஜை அணுக்கள் உயிர் காக்குமா என்று அறிய ஐரோப்பாவில் 3,000 பேரைச் சேர்க்க எண்ணினார்கள். 375 பேரே சேர்ந்தனர். 2020இல் வெளியான முடிவு எதனையும் நிறுவவில்லை. 500க்கும் மேற்பட்டோருக்கு ஊசிவழி நடந்த மற்றொரு சோதனை 2023இல் வெளியாயிற்று. அதன் முதன்மை நோக்கம் நிறைவேறவில்லை. மாரடைப்பும் பக்கவாதமும் குறைந்தன என்பது அதில் கிடைத்த ஆறுதல். மேலும், எலிகளில் இட்ட அணுக்கள் தரும் நன்மை பெரும்பாலும் காயத்தைச் சூழும் அழற்சியால் விளைவதே என்றும், இறந்த அணுக்களை இட்டாலும் அந்நன்மை கிட்டுகிறது என்றும் 2020இல் சின்சினாட்டி நகர ஆய்வாளர் காட்டினர். 'தளிர்க்கிறது' என்னும் சொல் எவ்வளவு அவசரமானது என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

சொல்லின் பொறுப்பு

இது வெறும் சொல்லாராய்ச்சி அன்று. என் நண்பர் ஒருவர், ஓய்வுபெற்ற தமிழாசிரியர், இதயம் தளர்ந்தவர். தமிழ்க் கட்டுரை ஒன்றைக் கத்தரித்துச் சட்டைப் பையில் வைத்திருந்தார். ஒரு நிலையத்தார் கை நரம்பின் வழியே குருத்தணு ஏற்றுவதாகப் பெருந்தொகை கேட்டிருந்தனர். வீட்டை ஈடு வைக்கலாமா என்று எண்ணிக்கொண்டிருந்தார். "ஏற்றினால் நெஞ்சுக்குப் போகாதா ஐயா?" என்று என்னைக் கேட்டார். அந்தக் கட்டுரையில் அதற்கு விடை இல்லை. நுரையீரல் என்னும் சொல்லே அதில் இல்லை. நுரையீரலைப் பற்றி நான் சொன்னபின் அவர் தம் இதய மருத்துவரிடமே திரும்பிச் சென்றார்.

நம்பிக்கையைக் கொல்ல வேண்டும் என்பது நம் கருத்தன்று. கோட்டிங்கன் செய்தி உண்மையான நம்பிக்கையே. அந்நம்பிக்கைக்கு அளவு சொல்ல வேண்டும் என்பதே நம் கருத்து. அறிவியற் பகுதியை வகுப்பில் படிக்க வைக்கும் ஆசிரியர்கள் மாணவரிடம் மூன்று கேள்விகளைப் பழக்கினால் போதும். எந்த வழியாகச் சென்றது? எவ்வளவு தங்கியது? சோதனை எலியிலா, குரங்கிலா, மனிதரிலா? இம்மூன்றுக்கும் விடை தருகிற கட்டுரையே அறிவியற் கட்டுரை. தராதது எத்துணை இனிய தமிழில் அமைந்தாலும் விளம்பரத்துக்கே துணைபோகும்.