அச்சும் முட்டுக்கட்டையும்

திருவாரூர் ஆழித்தேர் என்றதும் எல்லோரும் 96 அடி உயரத்தைத்தான் சொல்கிறார்கள். தொம்பையும் சீலையும் அசைவதைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொள்கிறார்கள். எனக்கோ அந்தத் தேரில் பிடித்ததெல்லாம் தரையிலிருந்து ஓராள் உயரத்துக்குள் இருக்கிறது. நாகையில் நீலாயதாட்சி கோயில் தேரைப் பார்த்து வளர்ந்தபோதே என் கண் சக்கரத்தில்தான் நிற்கும்.

பழைய ஆழித்தேர் 1926இல் எரிந்துபோனது. புதிதாகக் கட்டியது 1930இல் ஓடி, 1948க்குப் பிறகு நிலையிலேயே நின்று, 1970இல் மறுபடி வீதிக்கு வந்தது. அதன் அடியில் இரும்பு அச்சையும் சக்கரத்தையும் ஹைட்ராலிக் பிரேக்கையும் பூட்டியது திருச்சி பெல் நிறுவனம். மரச்சக்கரத்தோடு தேரின் லட்சணமே போய்விட்டது என்று வாதிடும் நண்பர்கள் எனக்கு உண்டு. ஏறக்குறைய 300 டன் பாரம் ஏறும்போது மரச்சக்கரம் ஒரு பக்கம் தேய்ந்து வட்டம் கெடும், அச்சு ஆடும், அந்த ஆட்டம் உச்சிக் கலசம் வரை போகும். லட்சணத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் அதையும் பார்க்க வேண்டும். பின்னால் புல்டோசர் தள்ளுவதையும் நான் குறைவாக நினைப்பதில்லை. வடம் பிடிக்கும் கைகளுக்கு அது துணை, அவ்வளவுதான்.

பெல் செய்த மாற்றத்தில் நான் மிகவும் மதிப்பது, அது முட்டுக்கட்டைக்காரரின் வேலையைப் பிடுங்கிக்கொள்ளவில்லை என்பதைத்தான். பிரேக் தேரை நிறுத்தும், திருப்பாது. அச்சு இரண்டும் அசையாதவை. திருப்புவது இன்றும் புளியமரக் கட்டைதான். கீழவீதியிலிருந்து தெற்கு வீதிக்குத் திரும்பும் முனையில் அதைப் பார்க்க வேண்டும். வலச் சக்கரத்தைக் கட்டை மறிக்க, இடச் சக்கரம் மட்டும் முன்னேறும். மசை தடவிய இரும்புத் தகட்டின் மேல் தேர் வழுக்கிக்கொண்டு முகம் திருப்பும். கட்டை நாலு விரல் தள்ளி விழுந்தாலும் தேர் வேறு பக்கம் போய்விடும். சக்கரத்தின் வாயருகே பின்நடை நடந்துகொண்டே, இரைச்சலுக்கு நடுவே, எந்த நொடியில் கட்டையைக் கொடுக்க வேண்டும், எப்போது உருவ வேண்டும் என்று அறிந்த மனிதரைவிடப் பெரிய கலைஞர் அந்த வீதியில் அன்று வேறு யாருமில்லை என்பேன். நாதஸ்வரக்காரர்கள் மன்னிக்க வேண்டும்.

அடியில் ஒன்றை மாற்றும்போது அதற்கு மேலே இருப்பதையும் பார்க்க வேண்டும் என்பது வீட்டிலேயே சிறு விமானம் கட்டுகிறவர்களுக்கும் நன்றாகத் தெரியும். சக்கரத்தைத் தாங்கும் காலாக அமெரிக்காவின் ஸ்டீவ் விட்மன் உருவாக்கிய எஃகு வில்கால் அவர்களுடைய பெரும் பிரியம். உரிமம் வாங்கி செஸ்னா நிறுவனமே 1946இல் தன் 140 ரக விமானத்தில் அதைப் பூட்டியது. பழைய ரப்பர்க் கயிற்றுக் காலைக் கழற்றிவிட்டு வில்காலைப் பொருத்த நினைப்பவர், காலைத் தொடுவதற்கு முன் உடலில் அது சேரும் மூட்டைப் பார்ப்பார். கால் விறைப்பானால் இறங்கும்போது விழும் அடி மூட்டுக்குப் போகும்.

நம் சிறு கோயில்களில் இந்தப் பார்வை குறைந்துவருகிறது. ஆழித்தேருக்கு ஏற்றதென்று எல்லாத் தேருக்கும் இரும்புச் சக்கரத்தை மாட்டிவிடுகிறார்கள். மேலே இருப்பதோ நூறு வருட இலுப்பைச் சட்டம், மரச்சக்கரத்தின் நெகிழ்ச்சியை நம்பித் தச்சர் இழைத்த பொருத்துகள். சிமெண்ட் சாலையின் ஒவ்வொரு அதிர்வையும் இரும்பு நேராக அந்தப் பொருத்துகளுக்கு அனுப்பும். முளை தளர்ந்த பிறகு ஆணி அடிப்பதும் பட்டை போடுவதும் வைத்தியம் ஆகாது. சக்கரத்துக்கு ஆர்டர் கொடுக்கும் முன் ஒரு நல்ல தேர்த்தச்சரைக் கூப்பிட்டுச் சட்டத்தைத் தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.

முட்டுக்கட்டைக்காரர் பக்கத்திலும் ஓர் இளைஞனை நிறுத்துங்கள். ஆழித்தேர் ஓடும் பங்குனி ஆயில்யத்தன்று ஒரு நாள் பார்த்து வரும் வித்தை இல்லை அது. கூலி பேசும்போது அந்தப் பையனுக்கும் சேர்த்துப் பேச வேண்டியது கோயில் நிர்வாகத்தின் கடமை.