பரிமாற்றத்தில் கணக்கில் வராத உழைப்பு

போபோடியிலிருந்து கணேஷ்கிண்டில் உள்ள சாவித்ரிபாய் புலே புனே பல்கலைக்கழகத்துக்குச் சில கிலோமீட்டர்தான். காட்கி, போபோடி, தாபோடி வட்டாரத்தில் தலைமுறைகளாக வாழும் தமிழ்க் குடும்பங்களில், முதல் பட்டதாரிகளுக்கு அடுத்த தலைமுறை இப்போது முதுகலைக்கு வந்திருக்கிறது. அவர்கள் முன்னால் நிற்கும் புதிய வாய்ப்பு, ஒரு செமஸ்டர் வெளிநாட்டில் படித்துவிட்டுத் திரும்பும் பரிமாற்றத் திட்டம். வரலாற்றில் எம்.ஏ. படித்தபோது ஒரு குளிர்காலப் பருவத்தை ஜெர்மனியில் கழித்தவன் நான். அந்தத் திட்டம் எனக்குத் தந்தது பெரிது. அதனால்தான் அதன் குறைகளைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை.

நிறைகளில் முதலாவது அதன் பொருளாதாரம். பரிமாற்ற மாணவர் கல்விக் கட்டணத்தைத் தன் சொந்தப் பல்கலைக்கழகத்தில் மட்டும் கட்டுகிறார். ஜெர்மனியின் பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலம் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருவோரிடம் 2017 முதல் பருவத்துக்கு 1,500 யூரோ வாங்குகிறது. பரிமாற்றத்தில் வருபவருக்கு அந்தச் சுமை இல்லை. முழுப் பட்டத்துக்காகக் கடன் வாங்கிப் போகிறவரோடு ஒப்பிட்டால் இந்த வேறுபாடு சிறியதல்ல.

இரண்டாவது நிறை இதைவிட ஆழமானது. இங்கே முதுகலை வகுப்பில் ஆசிரியர் பேசுவார், நாம் குறிப்பெடுப்போம், பருவ முடிவில் தேர்வு எழுதுவோம். அங்கே மானுடவியல், வரலாறு போன்ற துறைகளில் செமினார்தான் படிப்பின் மையம். வாரம் ஒருமுறை இரண்டு மணி நேரம் உட்கார்ந்து, முன்கூட்டிப் படித்து வந்ததை விவாதிக்க வேண்டும். பருவம் முடிந்தபின் ‘ஹவுஸ்ஆர்பைட்’ என்ற பதினைந்து, இருபது பக்கக் கட்டுரையை எழுதித் தர வேண்டும். கேள்வியை நாமே கண்டுபிடிக்க வேண்டும், நூல்களை நாமே தேட வேண்டும். வாதம் தளர்ந்தால் பேராசிரியர் அதைச் சுட்டிக்காட்டுவார், திருத்தித் தர மாட்டார். ஆய்வு என்றால் என்ன என்பதை எனக்குக் கற்றுத் தந்தது அந்தக் கட்டுரைதான்.

இந்தத் திட்டத்தின் மிகப் பெரிய குறையும் இதே இடத்தில்தான் இருக்கிறது. ஐரோப்பியக் கிரெடிட் முறை மாணவரின் மொத்த உழைப்பை அளக்கிறது. ஒரு கிரெடிட் என்பது 25 முதல் 30 மணி நேர வேலை. வகுப்பு, வாசிப்பு, எழுத்து எல்லாம் அதில் அடங்கும். ஒரு பருவத்துக்கு 30 கிரெடிட். நம் துறைகளில் நெடுங்காலமாகப் பழகிவந்த கணக்கு வேறு: வாரம் ஒரு மணி நேர வகுப்பு ஒரு பருவம் நடந்தால் ஒரு கிரெடிட். ஏழு ஐரோப்பியக் கிரெடிட் பெறும் செமினாரை எடுத்துக்கொள்வோம். அதற்கு மாணவர் செலவிடுவது 175 முதல் 210 மணி நேரம். வகுப்பு நேரத்தை மட்டும் எண்ணினால் இங்கே அது இரண்டு கிரெடிட்டாகச் சுருங்கிவிடும். எதற்காக மாணவரை அனுப்பினோமோ அந்தத் தனி வாசிப்பும் எழுத்தும் மதிப்பெண் பட்டியலில் தடமே இல்லாமல் போகின்றன.

இதைச் சரிசெய்யும் கருவி நம் கையிலேயே இருக்கிறது. 2023-இல் வந்த தேசியக் கிரெடிட் கட்டமைப்பு, 30 மணி நேரக் கற்றலை ஒரு கிரெடிட்டாகக் கொள்கிறது. ஆண்டுக்கு 40 கிரெடிட். இந்த அளவுகோலில் மேலே சொன்ன செமினார் ஆறு, ஏழு கிரெடிட் பெறும். விதி மாறிவிட்டது, துறை அலுவலகங்களின் பழக்கமும் மாற வேண்டும்.

காலண்டரும் பொருந்துவதில்லை. ஜெர்மனியில் குளிர்கால வகுப்புகள் அக்டோபர் நடுவில் தொடங்கிப் பிப்ரவரியில் முடிகின்றன. நமது முதல் பருவம் ஜூலையை ஒட்டித் தொடங்கி ஆண்டிறுதியில் முடிகிறது. ஆகவே அங்கே ஒரு பருவம் படிப்பவர் இங்கே இரண்டு பருவங்களின் பகுதிகளை இழக்கிறார். கட்டுரையைத் திருத்தி மதிப்பெண் வர மேலும் சில மாதங்கள் ஆகும். அதுவரை இங்கே அவருடைய தேர்வு முடிவு நிறுத்திவைக்கப்படும். கூடப் படித்தவர்கள் அடுத்த படிப்புக்கு விண்ணப்பிக்கும்போது, கூடுதலாக உழைத்தவர் சான்றிதழுக்காக அலைவார். நானும் அப்படி அலைந்திருக்கிறேன்.

பணத்தின் தடை இன்னும் கடுமையானது. கட்டணம் இல்லை என்பதால் செலவு இல்லை என்றாகிவிடாது. உதவித்தொகை இல்லாதவர் ஜெர்மன் விசாவுக்கு மாதம் 992 யூரோ வீதம் ‘பிளாக்டு அக்கவுண்ட்’டில் முன்பணம் காட்ட வேண்டும் என்பது 2024 செப்டம்பரில் வந்த அளவு. ஆறு மாதத்துக்கு இது ஐந்து லட்ச ரூபாயைத் தாண்டும். போபோடியில் மாதச் சம்பளத்தில் ஓடும் ஒரு குடும்பத்திடம் இவ்வளவு பணம் ஒருசேர இருக்காது. திறமைக்குத் திறந்த கதவு என்று சொல்லப்படுவது நடைமுறையில் சேமிப்புள்ள வீட்டுப் பிள்ளைகளுக்கே திறக்கிறது.

எதிர்த்திசையைப் பார்த்தால் நம் ஏற்பாட்டின் வறுமை புரியும். அமெரிக்க மிட்வெஸ்ட் கல்லூரிகளின் கூட்டமைப்பு 1960-களின் இறுதியிலிருந்து புனேவுக்கு மாணவர்களை அனுப்பிவந்தது. அவர்கள் மராத்தி கற்றார்கள், புனேக் குடும்பங்களோடு தங்கினார்கள், தனி ஆய்வும் செய்தார்கள். தங்குமிடம், மொழி, ஆய்வு மூன்றையும் திட்டமே பொறுப்பேற்றது. நம் மாணவருக்கு ஓர் ஒப்பந்தமும் ஒரு மின்னஞ்சல் முகவரியும் கிடைக்கின்றன. ஜெர்மன் கற்பிக்கும் ரானடே இன்ஸ்டிட்யூட்டும் மாக்ஸ் முல்லர் பவனும் உள்ள ஊர் இது. ஜெர்மன் கற்க வசதி இருந்தும், அதைப் பரிமாற்றத்தின் அங்கமாக்க யாரும் பொறுப்பேற்காவிட்டால் மாணவர் தன் செலவில், தன் நேரத்தில்தான் படித்தாக வேண்டும்.

இத்தனை செலவில் சிலரை அனுப்புவதைவிட உள்ளூர் நூலகத்தை வளர்க்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. அந்தக் கேள்விக்கு எடை இருக்கிறது. போய்வந்தவரின் அனுபவம் அவரோடு நின்றுவிடும்வரை அதை மறுக்க முடியாது. ஆனால் திரும்பியவர் இளைய வகுப்புக்கு ஒரு வாசிப்பு வட்டம் நடத்தினால், அவருடைய கட்டுரை துறையின் கருத்தரங்கில் விவாதிக்கப்பட்டால், ஒருவருக்குச் செலவிட்டது முப்பது பேருக்குப் பயன்படும். நூலகம் வளர வேண்டியது ஏன் என்று துறைக்கு எடுத்துச் சொல்லக்கூடியவரும் அவரே.

1987-இல் தொடங்கிய எராஸ்மஸ் திட்டம் இதில் நமக்குப் பாடம். புறப்படும் முன்பே மாணவர், அனுப்பும் பல்கலைக்கழகம், ஏற்கும் பல்கலைக்கழகம் மூவரும் படிப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்திடுகிறார்கள். அதில் உள்ள பாடங்களை முடித்துவந்தால் அனுப்பியவர் ஏற்றாக வேண்டும். 2014-இல் எராஸ்மஸ் பிளஸ் ஆக விரிந்தபின் இந்தியா போன்ற நாடுகளின் மாணவர்களுக்கும் மாத உதவித்தொகையும் பயணச் செலவும் தரும் வழி உருவானது.

நம் பல்கலைக்கழகங்கள் புதிய ஒப்பந்தங்களில் கையெழுத்திடுவதற்கு முன் பழையவற்றுக்கு மூன்று காரியங்கள் செய்யட்டும்: புறப்படும் முன்பே கிரெடிட் மாற்றத்தை எழுத்தில் உறுதி செய்யட்டும்; விசா முன்பணத்துக்கு வட்டியில்லாச் சுழல்நிதி வைக்கட்டும்; திரும்பி வருபவருக்குத் துறையில் ஒரு கற்பிக்கும் இடம் கொடுக்கட்டும். பரிமாற்றம் இரண்டு நிறுவனங்கள் செய்துகொள்ளும் உடன்பாடு. அதன் பெருமையை ஆண்டறிக்கையில் எழுதிக்கொள்ளும் நிறுவனம், சுமையிலும் தன் பங்கைத் தாங்கியே ஆக வேண்டும்.