படுத்தால் லாபம்

2016 ஜனவரி 3 அன்று திருவனந்தபுரம் காரியவட்டம் கிரீன்ஃபீல்டு மைதானத்தில் நடந்த தெற்காசியக் கோப்பை இறுதி ஆட்டத்தை எல்லோரும் சேத்ரியின் வெற்றி கோலுக்காக நினைவில் வைத்திருக்கிறார்கள். எனக்குப் பிடித்தது அதற்கு முந்தைய இரண்டு நிமிடங்கள். 70-வது நிமிடத்தில் ஜுபைர் அமிரி கோல் போட, நடப்புச் சாம்பியன் ஆப்கானிஸ்தான் முன்னிலை பெற்றது. 72-வது நிமிடத்தில் இந்தியாவின் ஜெஜெ லால்பெக்லுவா அதைச் சமன் செய்துவிட்டார்.

ஒரு கோல் முன்னிலை, இருபது நிமிடம் பாக்கி. கால்பந்தில் இது தனி ஒரு பருவம். அதுவரை சளைக்காமல் ஓடியவருக்குத் திடீரென்று கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும். கோல்கீப்பர் பந்தைப் பிடித்ததும் விலாவைப் பிடித்தபடி சாய்வார். மாற்று வீரருக்காக வெளியேற வேண்டியவர் தொலைவிலுள்ள எல்லைக்கோட்டருகே விழுவார். ஜெஜெ அந்தப் பருவத்துக்கு இரண்டு நிமிடத்துக்கு மேல் ஆயுள் கொடுக்கவில்லை. 101-வது நிமிடத்தில் சேத்ரி அடிக்க, இந்தியா 2-1 என்று வென்றது.

பொய்க் காயத்தில் இரண்டு ரகம் உண்டு. ஒன்று எதிராளிக்கு அட்டை வாங்கிக் கொடுக்க. 2002 உலகக் கோப்பையில் துருக்கியின் ஹக்கன் உன்சல் உதைத்த பந்து ரிவால்டோவின் காலில் பட்டது. அவர் முகத்தைப் பொத்திக்கொண்டு விழுந்தார். உன்சலுக்குச் சிவப்பு அட்டை, ரிவால்டோவுக்குப் பிற்பாடு அபராதம், பிரேசிலுக்குக் கோப்பை. இந்த ரகத்தைக் கேமரா பிடித்துவிடும். நடுவரை ஏமாற்றக் காயம்பட்டதாக நடித்தால் மஞ்சள் அட்டை என்று 12-வது விதியும் தெளிவாகச் சொல்கிறது.

இரண்டாவது ரகம் நேரத்தைத் தின்பதற்கானது. எத்தனை கோணத்தில் ஓட்டிப் பார்த்தாலும் கேமராவுக்கு வலி தெரியாது. நடுவர் மருத்துவரும் அல்ல. சந்தேகப்பட்டு ஆட்டத்தைத் தொடரவிட்டு, விழுந்தவருக்கு உண்மையிலேயே ஏதாவது ஆகிவிட்டால் அவர் கதி என்ன? எனவே ஊதிவிடுகிறார். அவரை நான் குறை சொல்ல மாட்டேன்.

நெய்மார் விஷயத்தில் நம்மவர்கள் கொஞ்சம் பாரபட்சம். கோழிக்கோடு புள்ளாவூர் ஆற்றில் 2022-ல் மெஸ்ஸி, ரொனால்டோவுக்கு இணையாக அவருக்கும் கட்-அவுட் நின்றது. 2018 உலகக் கோப்பையில் நான்கு ஆட்டங்களில் அவர் தரையில் கிடந்த நேரம் ஏறக்குறைய 14 நிமிடம் என்று சுவிஸ் தொலைக்காட்சி ஆர்டிஎஸ் கணக்கிட்டபோது ரசிகர்களுக்குக் கோபம். ஆனால் அதே தொடரில் சுவிட்சர்லாந்துக்காரர்கள் ஒரே ஆட்டத்தில் அவர்மீது 10 ஃபவுல் செய்தார்கள் என்பதும் உண்மை. நிஜ அடியும் நடிப்பும் ஒரே உடம்பில் கலந்து கிடக்கும்போது, உருண்டது எந்தக் கணக்கில் என்று வெளியிலிருந்து யாரால் பிரிக்க முடியும்?

2019 ஏப்ரல் 28-ல் நடந்த லீட்ஸ் - ஆஸ்டன் வில்லா ஆட்டத்தை நிதானமாகப் பார்க்க வேண்டும். வில்லாவின் கோட்ஜியா கீழே கிடக்கிறார். லீட்ஸ் பந்தை வெளியே அடித்துவிடும் என்று நம்பி வில்லா வீரர்கள் வேகத்தைத் தளர்த்தினார்கள். லீட்ஸின் கிளிச் கோல் போட்டுவிட்டார். உடனே தள்ளுமுள்ளு. அதற்கு நடுவே லீட்ஸின் பாம்ஃபோர்டு, அன்வர் எல் காஸி தன்னை அடித்துவிட்டதாக முகத்தைப் பிடித்துக்கொண்டு சரிந்தார்; எல் காஸிக்குச் சிவப்பு அட்டை. பயிற்சியாளர் பியல்சா கோட்டருகே நின்று, வில்லாவை ஒரு கோல் போட விடுங்கள் என்று தன் வீரர்களுக்கு உத்தரவிட்டார். அடோமா ஏறக்குறைய எதிர்ப்பே இல்லாமல் நடந்துபோய்ப் போட்டார். 1-1. லீட்ஸ் நேரடியாக பிரீமியர் லீக்குக்கு ஏறும் வாய்ப்பு அன்றோடு போனது. எல் காஸியின் சிவப்பு அட்டை பின்னர் ரத்தானது, பாம்ஃபோர்டுக்கு இரண்டு ஆட்டத் தடை, அந்த ஆண்டின் ஃபிஃபா நேர்மை விருது பியல்சாவுக்கும் லீட்ஸுக்கும்.

ஒரே அணியில், ஒரே ஐந்து நிமிடத்தில், விருதும் தடையும். இதை வைத்துப் பலர் பியல்சாவின் பெருந்தன்மையைப் பாடினார்கள். எனக்குத் தோன்றியது வேறு. எதிராளி விழுந்தால் பந்தை வெளியே அடிப்பது என்ற எழுதப்படாத வழக்கம்தான் நடிப்பவரின் முதலீடு. எதிரணி நாகரிகமாக நடந்துகொள்ளும் என்ற உறுதி இருப்பதால்தான் விழுகிறார். மரியாதை தெரியாத அணிக்கு எதிராக யாரும் இத்தனை முறை படுப்பதில்லை. வீரர்களின் பண்பை மேலும் வளர்த்தால் நடிப்பு குறையும் என்று நம்புவது, கடன் ஏய்ப்பவருக்கு இன்னும் தாராளமாகக் கடன் கொடுப்பதைப் போல.

அதற்காக வழக்கத்தையே தூக்கிப் போட முடியாது. 2004 டிசம்பரில் பெங்களூரு கண்டீரவா மைதானத்தில் ஃபெடரேஷன் கோப்பை இறுதியில், டெம்போவின் கிறிஸ்டியானோ ஜூனியர் தன் இரண்டாவது கோலைப் போடும்போது மோகன் பகான் கோல்கீப்பர் மீது மோதி விழுந்தார், பிழைக்கவில்லை. ஈஸ்ட் பெங்கால், மோகன் பகான் அணிகளுக்கு ஆடிய பாலக்காட்டுக்காரர் தனராஜன் 2019 டிசம்பர் 29 இரவு பெரிந்தல்மண்ணாவில் ஒரு செவன்ஸ் (எழுவர்) ஆட்டத்தில் மாரடைப்பில் சரிந்து இறந்தார். இவை யாருக்கும் சந்தேகம் வராத விபத்துகள். எல்லாக் காயமும் அப்படி இருக்காது. திருவனந்தபுரத்தின் பொழியூரைத் தாண்டினால் வரும் குமரிக் கடற்கரையின் இரவிபுத்தன்துறைக்காரர் மைக்கேல் சூசைராஜ், 2020 நவம்பரில் கேரளா பிளாஸ்டர்ஸுக்கு எதிரான ஐஎஸ்எல் தொடக்க ஆட்டத்தில் கால் மணி நேரத்துக்குள் முழங்கால் காயத்தோடு வெளியேறினார். அந்தப் பருவமே அவருக்குப் போயிற்று. முழங்கால் தசைநார் அறுந்தவரும் நேரம் கடத்துபவரும் முதல் பத்து விநாடிகளில் பார்வைக்கு ஒன்றுதான். "சீன் போடாதே, எழுந்திரு" என்ற கேலரிச் சத்தம் இரண்டு பேருக்கும் சமமாகவே விழும்.

ஆக, வலி நிஜமா என்று நடுவரைக் கேட்பதை நிறுத்த வேண்டும். அமெரிக்காவின் எம்எல்எஸ் 2024-ல் அதைத்தான் செய்தது. 15 விநாடிக்கு மேல் தரையில் கிடந்து மருத்துவக் குழு உள்ளே வந்தால், அந்த வீரர் 2 நிமிடம் வெளியே நிற்க வேண்டும். பொய்யா மெய்யா என்ற விசாரணையே கிடையாது. தலைக் காயத்துக்கும், எதிராளி அட்டை வாங்கிய ஃபவுலில் அடிபட்டவருக்கும் விலக்கு. இங்கிலாந்தில் 2023-ல் வெளியே நிற்கும் நேரத்தை 30 விநாடி என்று வைத்தார்கள். அது போதாது, மூச்சு வாங்கத்தான் உதவும். 2022 கத்தாரில் செய்ததுபோலக் காயநேரத்தை அள்ளிக் கொடுப்பதும் பாதி மருந்துதான். நிமிடங்கள் திரும்பக் கிடைக்கும், எதிரணியின் அறுந்த வேகம் கிடைக்காது.

சூப்பர் லீக் கேரளாவில் திருவனந்தபுரம் கொம்பன்ஸ் அணி ஆடும் சந்திரசேகரன் நாயர் மைதானத்தில் இதைச் செயல்படுத்த வீடியோ நடுவரோ பெரிய செலவோ தேவையில்லை. நான்காவது நடுவர் கையில் ஒரு கடிகாரம் போதும். பள்ளி, கடற்கரை ஊர்ப் போட்டிகளுக்கு அதுகூட அதிகம். கோட்டருகே இருப்பவர் பார்த்துக்கொள்ளலாம்.

பாக்கி இருப்பது கோல்கீப்பர். அவரை வெளியே அனுப்ப முடியாது என்பது எல்லாப் பயிற்சியாளர்களுக்கும் தெரியும். அவர் காலை நீட்டிப் படுத்ததும் மற்ற பத்து பேரும் தண்ணீர் குடிக்கும் சாக்கில் பயிற்சியாளரிடம் ஓடுகிறார்கள். அவர் படுக்கும் ஒவ்வொரு முறையும் அவருக்குப் பதில் ஒரு களவீரரை 2 நிமிடம் வெளியேற்றட்டும். யாரை என்பதை அந்தப் பயிற்சியாளரே சொல்லட்டும்.