பட்டம் கிடைக்காத உடையார்

சென்னையிலிருந்து பெங்களூருக்கு ரோடு வழியாகப் போகிறவர்கள் தாமலைப் பார்த்திருப்பீர்கள், கவனித்திருக்க மாட்டீர்கள். காஞ்சிபுரத்தின் பட்டுப்புடவை போர்டுகள் எல்லாம் ஓய்ந்த பிறகு வருகிற ஊர். பெரிய ஏரி. தண்ணீர் இருக்கிற வருஷத்தில் கண்ணுக்குக் குளிர்ச்சி, இல்லாத வருஷத்தில் மாடு மேயும். இன்றைக்கு டிரைவர் பிரேக்கில் கால் வைக்க யோசிக்கிற இந்த ஊருக்கு ஒரு காலத்தில் மவுசு அதிகம். தொண்டை மண்டலத்தை 24 கோட்டங்களாகப் பிரித்திருந்தார்களே, அதில் ஒன்றுக்குத் தாமல் கோட்டம் என்றே பெயர்.

பழைய என்.எச். 4-ல் இதே திசையில் போய்க்கொண்டே இருந்தால் ராணிப்பேட்டை, சித்தூர், அப்புறம் கர்நாடகத்தின் முல்பாகல். 14-ம் நூற்றாண்டின் நடுவில் அந்த முல்பாகல் பக்கத்தை நிர்வாகம் செய்துகொண்டிருந்த ஓர் இளவரசரைக் கூப்பிட்டு அப்பா ஒரு வேலை சொன்னார். இறங்கிப் போ. தொண்டை மண்டலத்தைப் பிடி. காஞ்சியில் உட்கார்ந்து ஜனங்கள் மெச்சுகிற மாதிரி ஆட்சி செய். பிறகு மதுரைக்குப் போ. அப்பா, விஜயநகரத்தின் முதலாம் புக்கர். பிள்ளை, குமார கம்பணர்.

இவரைப் பற்றி எழுத எனக்கு யோசனை வந்ததற்கு, சம்பந்தமே இல்லாமல், இங்கிலாந்துதான் காரணம். 2023 ஜனவரியில் இளவரசர் ஹாரியின் சுயசரிதை வந்ததல்லவா? 'ஸ்பேர்' என்று தலைப்பு. ராஜா வீட்டில் பட்டத்துக்கு ஒரு பிள்ளை, உபரிக்கு ஒரு பிள்ளை என்று அங்கே ஒரு பேச்சு உண்டு. நம் மெக்கானிக் பாஷையில் சொன்னால் ஸ்டெப்னி. பட்டம் அண்ணனுக்கு, பட்டாளம் தம்பிக்கு. ஹாரியும் ராணுவத்தில் சேர்ந்து இரண்டு முறை ஆப்கானிஸ்தான் போனார். வாழ்க்கையை எழுத ஜே.ஆர். மோரிங்கர் என்ற கெட்டிக்கார எழுத்தாளர் உதவினார். கம்பணருக்கு அந்தச் செலவில்லை. மனைவியே எழுதினார்.

கங்காதேவியின் 'மதுரா விஜயம்' அதுதான். சம்ஸ்கிருதக் காவியம். 'வீர கம்பராய சரித்திரம்' என்றும் பெயர். பல நூற்றாண்டுகள் இப்படி ஒன்று இருப்பதே பலருக்குத் தெரியாது. 1916-ல் திருவனந்தபுரத்தில் ஒரு வீட்டு ஏட்டுக் கட்டில், சம்பந்தமில்லாத இரண்டு நூல்களுக்கு நடுவே மாட்டிக்கொண்டிருந்ததை பண்டிதர் ராமசாமி சாஸ்திரி கண்டுபிடித்தார். 61 ஓலை. பூச்சி அரித்தது போக மிச்சம். கிடைத்த வரையில் ஒன்பது சர்க்கம். 1957-ல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம், திருவேங்கடாச்சாரியைப் பதிப்பாசிரியராகக் கொண்டு நல்ல பதிப்பு ஒன்று போட்டது.

கம்பணர் ஸ்டெப்னியா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. காவியத்தின்படி இவர் தேவாயி என்ற ராணிக்குத் தலைப்பிள்ளை. கல்வெட்டில் பல இடங்களில் 'சிக்க' கம்பணர் என்று வருவதற்குக் காரணம், பெரியப்பா-சித்தப்பா வரிசையில் இன்னொரு கம்பணர் இருந்தது. கன்னடத்தில் சிக்க என்றால் சின்ன. ஆனால் வாழ்ந்தது முழுக்க முழுக்கத் தம்பி வாழ்க்கை. 1374-ல், அப்பாவுக்கு மூன்று வருஷம் முன்னால், இறந்துபோனார். 1377-ல் சிம்மாசனம், இன்னொரு ராணியின் மகனான இரண்டாம் ஹரிஹரருக்குப் போனது. கம்பணர் கடைசிவரை மகாமண்டலேஸ்வரர். அதாவது அப்பா கம்பெனியில் தென்மண்டல மேலாளர்.

இதில் அவமானம் ஒன்றுமில்லை. அந்தக் குடும்பத்தின் தொழில்முறையே அதுதான். ஹரிஹரர் ராஜா என்றால் தம்பி கம்பர் உதயகிரி, நெல்லூர் பக்கம்; மாரப்பர் மேற்கே; புக்கர் அண்ணனுக்கு வலது கை. 1356-ல் அண்ணன் போன பிறகுதான் புக்கருக்கே முழு ஆட்சி. பிள்ளைகளையும் அப்படியே வளர்த்தார்கள். ஒரு சீமையைக் கொடுத்து, 'உடையார்' என்று பேரும் கொடுத்து, கூடவே நரைத்த தலைகளாக ஒரு பிரதானியையும் தளபதிகளையும் வைத்து அனுப்பிவிடுவது. கம்பணருக்கு சோமப்பர் பிரதானி. கோபணர் என்ற பிராமண அதிகாரி செஞ்சிப் பக்கத்துக்கு. சாளுவ மங்கு சண்டைக்கு. இளவரசர் முகம், இவர்கள் கைகால்.

காவியத்தைத் திறந்தால் இந்தக் கைகால்களைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. முக்கியமான சண்டையை எல்லாம் புருஷனே போடுகிறார்! சம்பன் என்று காவியம் சொல்கிற சம்புவராயரை ராஜகம்பீரன் மலைக் கோட்டையில் நேருக்கு நேர் வாளால் வீழ்த்துகிறார். மதுரை சுல்தானையும் அப்படியே. கணவன் என்றால் இந்த அளவுக்கு விட்டுக்கொடுக்காமல் எழுத வேண்டும்தான். இருந்தாலும் சாளுவ மங்குவின் வம்சத்தார் வேறு கதை வைத்திருக்கிறார்கள். அவருக்கு 'சாம்பராய ஸ்தாபனாசார்யன்' என்று விருது. சம்புவராயரைத் திரும்ப உட்கார வைத்தவன் என்று அர்த்தம். செத்தவரை எப்படிய்யா உட்கார வைப்பது?

சுல்தான் விஷயமும் கொஞ்சம் இடிக்கிறது. மதுரைப் போர் 1371-ஐ ஒட்டி என்பார்கள். ஆனால் மதுரை சுல்தான்களின் நாணயங்கள் ஹிஜ்ரி 779 வரை, அதாவது 1377-78 வரை கிடைத்திருக்கின்றன. ஒரே வெட்டில் முடிந்த சமாசாரம் மாதிரித் தெரியவில்லை. விட்டுவிட்டு, பல வருஷம் இழுத்திருக்க வேண்டும். நாணயம் அடித்தவனுக்குப் புருஷ பக்தி கிடையாது.

இதனால் கங்காதேவி பொய்யர் என்று ஆகாது. எட்டாவது சர்க்கத்தில் ஒரு தெய்வப் பெண் வந்து, தெற்கே கோயில்கள் கிடக்கிற கிடையைச் சொல்கிறாள். கதவுகளைச் செல் அரித்துவிட்டது. மிருதங்கம் ஒலித்த இடத்தில் நரி ஊளை. ஸ்ரீரங்கத்தில் மேலேயிருந்து செங்கல் உதிர்கிறது. பள்ளிகொண்ட பெருமாள் மேல் விழாமல் ஆதிசேஷன் படத்தால் தடுத்துக்கொண்டிருக்கிறான். இந்த ஒரு படத்துக்காகவே கங்காதேவியை மகாகவிகள் பந்தியில் உட்கார வைக்கலாம். கொடுமைகள் கற்பனையும் அல்ல. மொராக்கோவிலிருந்து வந்த இப்னு பதூதா 1340-களில் மதுரைப் பக்கம் இருந்தார். அப்போதைய சுல்தான் கியாசுத்தீன் அவருக்குச் சகலை முறை. சொந்தக்காரர், சொந்த மதத்துக்காரர். அப்படியும், கைதிகளைக் குடும்பத்தோடு கழுவேற்றியதைப் பார்த்து அருவருத்து எழுதியிருக்கிறார்.

எனக்குக் காவியத்தோடு அவ்வளவு தகராறில்லை. அதை இன்றைக்குப் படிக்கிற விதத்தோடுதான். ஒன்பது சர்க்கத்தில் எட்டையும் ஒன்பதையும் மட்டும் பிய்த்து எடுத்து, மேடையில் மைக்கைப் பிடித்துக்கொண்டு, இந்து-முஸ்லிம் யுத்த காவியம் என்று முழங்குகிறார்கள். மிச்ச ஏழையும் தயவுசெய்து புரட்டிப் பாருங்கள். கம்பணர் முதலில் வந்து அடித்தது யாரை? படைவீட்டுச் சம்புவராயரை. சைவர், தமிழர், பல்லவர்-சோழர் காலத்துக் கோயில்களுக்கு நிவந்தம் கொடுத்த வம்சம். அவருக்கு ஒரு முழு சர்க்கம் செலவாகிறது. அப்பா போட்ட ஆர்டரிலும் காஞ்சிதான் முதல், மதுரை பிறகு. நடுவில் மூன்று சர்க்கம் சண்டையே இல்லை. அரசவை, பருவங்கள், நந்தவனம், ஜலக்கிரீடை, அந்திப்பொழுது. ஏழாவதில் நிலா வந்ததும், நீயே இதை வர்ணித்துச் சொல்லேன் என்று கம்பணர் மனைவியைக் கேட்கிறார், கங்காதேவி சொல்கிறார். போருக்குக் கிளம்ப வேண்டிய ஆள் இப்படி மொட்டைமாடியில் உட்காரலாமா என்று சில விமர்சகர்கள் குறைபட்டுக்கொள்கிறார்கள். மகாகாவியத்துக்கு இலக்கணமே அதுதான் சார். தவிர, நூலிலேயே ஆசாமி நிஜ மனிதராகத் தெரிவது அங்கேதான்.

ஒரு குறை சொல்லியே ஆக வேண்டும். முதல் சர்க்கத்தில் கங்காதேவி தனக்குப் பிடித்த கவிகளை வரிசையாக வணங்குகிறார். காளிதாசன், பாணன், பாரவி, தண்டி என்று போய், தெலுங்கின் திக்கனாவுக்கும் ஒரு கும்பிடு. தமிழில் ஒருவர் இல்லை. அகஸ்தியர் பெயர் வருகிறதே என்று துள்ள வேண்டாம். அவர் பொதிகை மலைக்காரர் அல்ல, 'பாலபாரதம்' எழுதிய வடமொழிக் கவி. காஞ்சியில் வாழ்ந்து, மதுரைக்காகக் கண்ணீர்விட்ட ஒருத்தருக்கு, பக்கத்து வீதியில் பாடிக்கொண்டிருந்த தேவாரம், திவ்யப் பிரபந்தம் எதுவும் காதில் விழவில்லையா? ஆக்கிரமிக்கிறவர்களுக்கு அந்த ஊர் கோயில் தெரியும், குளம் தெரியும், பாஷை மட்டும் தெரியாது. நல்லவர்களாக இருந்தாலும் இப்படித்தான்.

சரி, கம்பணர் இந்த ஊரில் தினப்படி என்ன வேலை பார்த்தார்? அதற்குக் காவியம் உதவாது. கல்லைத்தான் கேட்க வேண்டும். காஞ்சி கைலாசநாதர் கோயிலுக்குப் போயிருப்பீர்கள். ராஜசிம்ம பல்லவன் கட்டியது, மணல்கல் சிற்பங்கள், போட்டோ எடுத்துக்கொண்டு வந்திருப்பீர்கள். அங்கே கம்பணர் காலத்துக் கல்வெட்டு ஒன்று உண்டு. 1360-களின் சங்கதி. பாஷையில் கவித்துவம் துளியும் கிடையாது, ரெவின்யூ ஆபீஸ் வாடைதான். சாராம்சம் இது: குலோத்துங்க சோழர் காலத்தில் இந்தக் கோயிலை மூடிவிட்டார்கள். நிலங்களை விற்றார்கள். மடவிளாகத்தையும் சுற்றுப்பகுதியையும் அனேகதங்காவதக் கோயிலுக்கு மாற்றிவிட்டார்கள். கம்பண உடையாரின் அதிகாரி கோப்பணங்கள் இதை விசாரித்து, சொத்தைத் திருப்பிக் கொடுத்துக் கோயிலைத் திறந்து பூஜை நடக்க உத்தரவு போடுகிறார்.

இன்னொரு தரம் படியுங்கள். மூடியது சுல்தான் அல்ல. சோழர் ஆட்சி. நிலம் போனதும் இன்னொரு சிவன் கோயிலுக்கு. மேடையில் முழங்குகிறவர்களுக்கு இந்தக் கல்வெட்டு கொஞ்சம் தொண்டையில் சிக்கும். ஆனால் கம்பணரின் பெருமை எனக்கு இங்கேதான் தெரிகிறது. வெளியூரிலிருந்து வந்த பாஷை தெரியாத ஒரு கவர்னர். அவர் ஆபீசில் யாரோ பழைய தஸ்தாவேஜுகளைப் பிரித்து, எப்போதோ நடந்த ஒரு சொத்து மாற்றத்தைக் கண்டுபிடித்து, சரி செய்கிறார்கள். சண்டையில் ஜெயிப்பது ஒரு நாள் வேலை. மூடிய கோயிலுக்கு எந்த வயல் எந்த ஊரில் என்று தேடுவதற்கு எத்தனை கணக்கர்கள், எத்தனை நாள் ஆகியிருக்கும்? கங்காதேவி இதையெல்லாம் எழுதவில்லை. ஆபீஸ் விவகாரங்களைக் கணவன் வீட்டுக்குக் கொண்டுவரவில்லையோ என்னவோ.

பேர் வாங்குவதிலும் ஸ்டெப்னி ஸ்டெப்னிதான். 1371-ல் ரங்கநாதர் உற்சவ மூர்த்தி பல வருஷ வனவாசம் முடிந்து, திருமலையிலிருந்து செஞ்சி வழியாக ஸ்ரீரங்கம் திரும்பினார். அங்கே கல்லில் வெட்டியிருக்கிற சுலோகங்கள் புகழ்வது கோபணரை. வேதாந்த தேசிகர் இயற்றியவை என்பது வைணவ மரபு. காவியத்தில் எல்லாப் புகழும் கம்பணருக்கு, கோயிலில் கோபணருக்கு. யார் எழுதுகிறார்கள் என்பதைப் பொறுத்து விஷயம் மாறுகிறது.

1374-க்குப் பிறகு கம்பணரின் பிள்ளை ஜம்மண உடையார் பேரில் கொஞ்சம் கல்வெட்டுகள் கிடைக்கின்றன. அப்பா வேலை பிள்ளைக்கு வந்தது, நிலைக்கவில்லை. அப்புறம் இந்தச் சீமைக்கு வந்தவர் ஹரிஹரரின் மகன் விருபாட்சர். அவரும் இளவரசர், அவரும் தளபதி. ஈழம் வரை போய் ஜெயித்ததாகச் சொல்லிக்கொண்டவர், 1404-ல் அப்பா கண்ணை மூடியதும் சிம்மாசனத்துக்கு நடந்த அடிதடியிலும் இறங்கினார். ஆனால் தன் பெருமையைச் சொல்ல வேறு யாரையும் நம்பவில்லை. 'நாராயணீவிலாசம்' என்ற நாடகத்தைத் தானே எழுதி, முன்னுரையிலேயே தன் வெற்றிகளைப் பட்டியல் போட்டுக்கொண்டுவிட்டார்.