மெருகில் கரையும் தவில்

காவிரி டெல்டாவின் பழைய மேளக் கச்சேரிகளை 'எச்டி தரத்தில்' மெருகேற்றிச் சுற்றுக்கு விடுவது இப்போது மோஸ்தராகிவிட்டது. நாகஸ்வர மேதை ராஜரத்தினம் பிள்ளையின் தோடிகூடத் தப்பவில்லை. மூலம் பெரும்பாலும் யாரோ எப்போதோ 32 அல்லது 64 கேபிபிஎஸ்ஸுக்குக் குறுக்கிய எம்பி3. அதன் மேல் இரைச்சல் நீக்கி, ஏ.ஐ. மெருகு, உச்ச ஒலிகளுக்குச் செயற்கை நிரப்பு. "இப்போதுதான் தெளிவாகக் கேட்கிறது" என்கிறார்கள் ரசிகர்கள்.

நாகஸ்வரத்தைப் பொறுத்தவரை அது உண்மைதான். நீண்டு நிற்கும் நாதத்தின் கீழ்ப்பகுதியை வைத்து மேல்பகுதியைக் கணிப்பது மென்பொருளுக்குச் சுலபம். இசைத்தட்டின் கீறல் ஓசையையும் மின் உறுமலையும் நீக்குவதில் யாருக்கும் ஆட்சேபம் இருக்க முடியாது.

என் ஆட்சேபம் தவிலைப் பற்றியது. நீடாமங்கலம் மீனாட்சிசுந்தரம் பிள்ளை தவில் வாசித்த மண்ணில் அதற்கு என்ன ஆனது என்று யாரும் கேட்கவில்லை என்பதுதான் விசித்திரம். எம்பி3 ஒலியைத் துண்டுதுண்டாக நறுக்கிக் கணக்கிடுகிறது. 44,100 ஹெர்ட்ஸில் ஒரு துண்டின் நீளம் சுமார் 26 மில்லிநொடி. பிட் போதாதபோது எழும் பிழை அந்தத் துண்டு முழுக்கப் பரவுகிறது. அடி விழுவதற்கு முன்பே அதன் புகைச்சல் கேட்கத் தொடங்கிவிடும். ஒலியைக் குறுக்கும் முறைகளின் (கோடெக்) சோதனைகளில் காஸ்டனெட் என்ற கைத்தாளத்தின் ஒலிப்பதிவு நிரந்தர இடம்பெற்றது இந்தக் கோளாறைப் பிடிக்கத்தான். அடி வரும் இடத்தில் துண்டைச் சிறிதாக்கும் வசதி எம்பி3-இலேயே உண்டு. ஆனால் சிறு துண்டுகளுக்குப் பிட் அதிகம் வேண்டும். காஸ்டனெட் இடைவெளி விட்டு ஒலிக்கும். முடிப்பான தீர்மானத்தை நெருங்கும் தவில் இடைவெளி விடாது. வலந்தலையில் கூடு போட்ட விரல்கள், தொப்பியில் குச்சி. நொடிக்குப் பத்து அடிக்கு மேல். 64-இல் அத்தனைக்கும் பிட் எங்கிருந்து வரும்? இடத்தை மிச்சம் பிடிக்க 22,050 ஹெர்ட்ஸுக்கு இறக்கியிருந்தால் துண்டு 52 மில்லிநொடியாகிவிடும். இரண்டு அடிகளுக்கு நடுவே இருப்பதே 100 மில்லிநொடிக்கும் குறைவுதான்.

ஆகவே குறைந்த பிட்ரேட்டில் உச்ச ஒலி மட்டும் போகவில்லை, அடியின் விளிம்பும் போய்விட்டது. மெருகேற்றுவோர் திருப்பித் தருவது முதலாவதை மட்டும். குழைந்த அடியின் மேல் பளபளப்பைத் தடவினால் குழைவுதான் பளபளக்கும். பதரை ஆலையில் பாலிஷ் போடுவது போலத்தான். ஏ.ஐ. கூர்மையான அடியை உண்டாக்கித் தரும் என்பார்கள். தரலாம். அது விரல் அடியா, குச்சி அடியா, தரிகிட எந்தக் கணத்தில் பிரிந்தது என்ற செய்தி கோப்பிலேயே இல்லாதபோது அதன் ஊகத்தை யாருடைய வாசிப்பு என்று சொல்வது? இப்படி மெருகேற்றியதை மறுபடியும் குறுக்கி அனுப்பினால் மறுபடியும் குழைவு. இதைப் 'பாதுகாப்பு' என்கிறார்கள்!

சிறிய கோப்பே வேண்டுமென்றால் குறுக்கும்போதே கவனிக்க வேண்டும். துண்டுக்குள் பிழை பரவுவதைக் கட்டுப்படுத்தும் உத்தி ஏஏசி என்ற கோடெக்கில் உண்டு. 2012-இல் வந்த ஓபஸ் என்ற கோடெக் 20 மில்லிநொடி, அதற்கும் குறைவான துண்டுகளில் வேலை செய்கிறது. நாடாவோ இசைத்தட்டோ கிடைக்கும் இடத்துக்குப் போய், இவற்றில் ஒன்றால் அதே 64-இல் புதிதாகக் குறுக்கினாலே தவில் பிழைத்துக்கொள்ளும். அப்போதும் மோனோவை மோனோவாகவே விட வேண்டும். போலி ஸ்டீரியோவாக விரித்தால் இருக்கும் சொற்பப் பிட்டும் இரண்டாகப் பிரிந்துவிடும்.